ஃபோனில் சொல்லாத சிங்கப்பூர்

பெண் பார்த்துவிட்டு வருவதுபோல ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார் என் கணவர் சலீம். பெண் பார்க்கப் போனால் பலகாரமாவது கிடைக்கும். எனக்குக் கிடைத்தது விமானத்தில் நடு இருக்கை. ஒரு பக்கம் குறட்டை, இன்னொரு பக்கம் கைக்குழந்தை. நியூ ஜெர்சியில் ஏறியபோது இருந்த அலுப்பு இறங்கும்போது இரண்டாகியிருந்தது.

அந்த வருடம் நாங்கள் குடியிருந்த நியூ ஜெர்சி ஊரான பிஸ்கட்டவேயில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். யாருக்கு வேலை போச்சு, யாருக்கு இன்னும் இருக்கு. சலீமின் ப்ராஜெக்ட் மாதக் கடைசியோடு முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் வருடக்கணக்காக நின்றுகொண்டிருந்த கிரீன் கார்டு வரிசையும் போகும். இந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் ஃபோனிலேயே பேட்டி எடுத்துவிட்டு, வருகிறீர்களா என்று கேட்டது. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சலீமின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாது. என் முத்திரை போன வருடம் ஊருக்குப் போனபோது சென்னையில் அடித்தது, இன்னும் உயிரோடு இருந்தது. அதனால் நான் கிளம்பினேன்.

எனக்கு லீவு கேட்க ஆபீஸும் கிடையாது. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்து, திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து என் பொருளாதாரம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கூப்பன் வெட்டுவதோடு சரி. சிங்கப்பூரில் நான் வேலைக்குப் போகலாம் என்று சலீம் சொன்னார். நான் பெட்டி கட்ட அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

சிங்கப்பூரில் என் அக்கா இருக்கிறாள். பெயர் நூர்ஜகான். எங்கள் வழக்கப்படி எனக்கு அவள் ராத்தா. கல்யாணமாகி அங்கே போய் இருபது வருடமாகிறது, இப்போது அந்த நாட்டுப் பிரஜை. ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுவோம். அந்தப் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. மௌத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி தவிர வேறு எந்தக் கெட்ட செய்தியும் ஃபோனில் சொல்லக் கூடாது. தூரத்தில் இருப்பவள் எழுந்து ஓடியா வர முடியும், கேட்டுவிட்டுத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்பது எங்கள் உம்மாவின் எண்ணம். ஊரில் பாதிக் குடும்பங்கள் கடல் கடந்து கிடப்பதால் இது ஏறக்குறைய ஊர்ச் சட்டமே. எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கோம். சிங்கப்பூர் எப்படி என்றால் சொர்க்கம். அமெரிக்கா எப்படி என்றால் அதுக்கு மேல. இந்த முறையும் நான் சட்டத்தை மீறவில்லை. சலீமுக்கு அங்கே ஒரு ஆஃபர் வந்திருக்கு, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வர்றேன் என்று மட்டும் சொன்னேன்.

விமான நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது தமிழ். நாலு மொழியில் ஒரு பலகை, அதில் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் மலாய்க்கும் சமமான அளவில் 'நல்வரவு'. பிஸ்கட்டவேயில் தமிழுக்கு இடம் மளிகைக் கடை அறிவிப்புப் பலகையும், நூலகத்தில் சனிக்கிழமை நடக்கும் பிள்ளைகள் வகுப்பும்தான். இங்கே அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. கண் கலங்கியது. கொஞ்சம் தூக்கக் கலக்கமும் அதில் சேர்த்தி.

ராத்தாவும் அவள் கணவர் யூசுப் மச்சானும் வந்திருந்தார்கள். மச்சான் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் பெரிய ஆள். அவரே ஒரு டாக்சியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஃப்ரெண்டோட வண்டி" என்றார் மச்சான், நான் கேட்காமலே.

வழியில் சாலைக்கு மேலே வளைவு மாதிரி ஒன்று நின்றது. அதைக் கடந்ததும் வண்டிக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். இந்தச் சாலையில் இந்த நேரத்தில் போவதற்குக் கட்டணமாம், தானாகவே கழித்துக்கொள்ளுமாம். கூட்ட நேரத்தில் சாலைக்கு விலை வை என்பது நான் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டு நடத்திய பாடம். அந்தக் கோட்டுக்கு இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கார் வாங்க வேண்டுமென்றால் முதலில் கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அதுவும் பத்து வருடத்துக்குத்தான் என்று மச்சான் சொன்னார்.

"அதுக்கு ஆகுற வெள்ளிக்கு ஒங்க ஊர்ல ரெண்டு கார் வாங்கலாம்" என்றாள் ராத்தா. அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். "சூடு பாத்தியா? வருஷம் பூரா இதே சூடுதான். மூட்டுவலி வந்துரும்."

இருபது வருடமாக ஃபோனில் சொர்க்கமாக இருந்த நாடு, நான் இறங்கின நேரமாகப் பார்த்து ஏன் மூட்டுவலியாகிவிட்டது என்று எனக்குப் புரியவில்லை.

பதினோராவது மாடியில் வீடு. அடுக்குமாடியை அங்கே ப்ளோக் என்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ராத்தா மீன் ஆணமும் இறால் பொரியலும் செய்து வைத்திருந்தாள். குழம்பை எங்கள் பக்கம் ஆணம் என்போம். உம்மா கைப்பக்குவம் அப்படியே அவளிடம் இருக்கிறது, எனக்கு வரவேயில்லை. தின்று முடித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணைச் சுற்றியது.

சீக்கிரம் தூங்கினால் சீக்கிரம் விழிப்பு. மறுநாள் விடிகாலை, சுபுஹு பாங்கு நேரத்துக்கு முன்பே எழுந்துவிட்டேன். உடம்பு இன்னும் நியூ ஜெர்சியில் இருந்தது. காற்றுக்காக வெளி நடைபாதையில் போய் நின்றேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் யூசுப் மச்சான் அந்த டாக்சியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி, கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு இஸ்திரி போட்ட சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வண்டியின் தலையில் விளக்கு எரிந்தது, போனார். நண்பன் வண்டியை இப்படி யாரும் துடைக்க மாட்டார்கள்.

"மச்சான் எங்கே ராத்தா?" என்று காலையில் கேட்டேன்.

"ஆபீஸ் போயிட்டாரு. இப்பல்லாம் வேலை ஜாஸ்தி" என்றாள், தோசையைத் திருப்பியபடி.

நான் தட்டை நீட்டினேன். ஃபோனில் கேட்கக் கூடாததை நேரில் கேட்கலாமா என்று எங்கள் சட்டத்தில் சொல்லியிருக்கவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். என் மகன் ஆதிலுக்கு ஒன்பது வயது, மகள் ஸனாவுக்கு ஐந்து. இரண்டு பேரும் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவர்கள். பள்ளியில் ஒரு தமிழாசிரியை வந்து பேசினார். நம் பிள்ளைகள் இங்கே தாய்மொழி என்று தமிழைப் படித்தே ஆக வேண்டும், அதில் தேர்வும் உண்டு என்று விளக்கினார். அவர் பேசியது செய்தி வாசிப்பது போலச் சுத்தமான தமிழ். நான் "அட்மிஷனுக்கு எப்ப அப்ளை பண்ணணும் மேடம்?" என்றேன். அவர் முகம் மாறாமல் "விண்ணப்பத்தை இப்போதே அளிக்கலாம் அம்மா" என்றார். கட்டாயப்படுத்தினால் தமிழ் வளருமா என்றெல்லாம் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. நான் வருடக்கணக்காகக் கெஞ்சி நடக்காத ஒன்றை ஒரு அரசாங்கம் கால அட்டவணையில் போட்டு நடத்துகிறது என்றால் எனக்கு நிம்மதிதான்.

"பன்னெண்டு வயசுல ஒரு பரீட்சை வைப்பாங்க பாரு, புள்ளைங்க சிரிப்பே போயிரும்" என்றாள் ராத்தா, வாசலைத் தாண்டியதும்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கடைகள், நடுவில் மேசைகள். ஒரு பக்கம் மலாய்க்காரர் சோறு, ஒரு பக்கம் சீன நூடுல்ஸ், இன்னொரு பக்கம் நம் ஆள் பராட்டா வீசிக்கொண்டிருந்தார். ராத்தா வரிசையில் நிற்க, நான் காலி மேசை ஒன்றைப் பிடித்தேன். மேசை மேல் சின்ன டிஷ்யூ பாக்கெட் இருந்தது. அட, இதையுமா இலவசமாகத் தருகிறார்கள் என்று பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தட்டோடு வந்த ஒரு சீன அம்மா என்னையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அது என் இடம். இடம் பிடிக்கத்தான் அதை வைத்துவிட்டுப் போனேன்" என்றார். அங்கே அதுதான் வழக்கமாம். சாலைக்கு விலை, காருக்கு ஏலம், ஆனால் சோற்று மேசைக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும், யாரும் தொட மாட்டார்கள். அரசாங்கம் தலையிடாத ஒரு சொத்துரிமையை நான் மூக்கைத் துடைத்து மீறியிருந்தேன். ராத்தா ஓடி வந்து பாதி இங்கிலீஷிலும் பாதி அவர்கள் பாஷையிலும் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா தள்ளி உட்கார்ந்து எங்களுக்கும் இடம் கொடுத்தார்.

கூடவே அவர் கணவரும் இருந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கள் எல்லாரும் வந்துவிட்டால் என் மகனுக்கு எங்கே வேலை இருக்கும்?" என்றார். கோபமில்லை. கேட்டுவிட்டு மிளகாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

இதே கேள்வியை எங்கள் அபார்ட்மென்ட் லாண்டரி அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் போன மாதம்தான் கேட்டிருந்தார். உலகத்தில் எங்கே போனாலும் யாரோ ஒருவரின் மகனுடைய வேலையைப் பறிக்கத்தான் நாங்கள் போகிறோம் போலிருக்கிறது. எங்கள் வேலை யார் கைக்குப் போனது என்று நானும் யாரையாவது கேட்கலாம். மிளகாய் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்தாவுக்குத் தலைவலி. நான் தனியாக வீடு பார்க்கப் போனேன். தரகர் ஒரு சீன இளைஞர், வாய் ஓயாமல் பேசினார். முதலில் வாடகைக்கு இருங்கள், நிரந்தரவாசம் கிடைத்ததும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் இந்தக் கட்டடத்தில் இப்போதைக்கு முடியாது என்றார். ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை வீடு வரை வைத்திருக்கலாம் என்று வரம்பு இருக்கிறதாம். இங்கே இந்தியர் பங்கு நிரம்பிவிட்டது. ஒரு இந்தியர் விற்றால்தான் இன்னொரு இந்தியர் வாங்க முடியும். எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு எங்கள் அபார்ட்மென்டை நினைத்துப் பார்த்தேன். அங்கே யாரும் எதையும் எண்ணுவதில்லை. நாங்களாகவே போய் ஒரே வளாகத்தில் அடைந்துகொண்டோம். நாலு வாசல் தள்ளி இருக்கும் அமெரிக்கக் குடும்பத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ராத்தா வீட்டு நடைபாதையில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறு பக்கம் சீனக் குடும்பம், பெருநாளைக்குப் பலகாரத் தட்டு மாறுகிறது. எது சரி என்று பரீட்சையில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். முடிவுரை மட்டும் எழுத வராது.

"நிரந்தரவாசம் வாங்கினால் உங்கள் மகன் பதினெட்டு வயதில் இரண்டு வருடம் ராணுவத்தில் இருக்க வேண்டும்" என்றார் தரகர், சமையலறை அலமாரியைத் திறந்து காட்டிக்கொண்டே. "பையன்களுக்கு அது நல்லதுதான்."

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ராத்தா மகன் இர்ஃபான் அப்போது அதில்தான் இருந்தான். ஆனாலும் அந்த அலமாரிக்கு முன்னால் நின்று கேட்டபோது ஆதிலை நினைத்துக்கொண்டேன். ஷூ கயிறு சிக்கினால் அழுகிறவன் என் மகன்.

திரும்பும்போது அந்த யோசனையிலேயே பஸ் நிறுத்தத்துக்குப் போய் ஏறினேன். வெகு நேரம் கழித்துத்தான், வீட்டை நோக்கி அல்ல, எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அங்கே வண்டிகள் இடப்பக்கம் போகும், நம் ஊரில் போலவே. இந்தியாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது மறந்துபோய், அமெரிக்கப் பழக்கத்தில் சாலையின் தப்பான பக்கத்தில் நின்று ஏறியிருக்கிறேன். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். அதற்கென்றே காத்திருந்ததுபோல மழை கொட்டியது. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. வீட்டு எண்ணில் ராத்தா எடுக்கவில்லை, தூங்கியிருப்பாள். வேறு வழியில்லாமல் மச்சானின் கைப்பேசிக்கு அடித்தேன். அங்கேயே நில்லு என்றார். கொஞ்ச நேரத்தில் டாக்சி வந்தது. கூரை மேலிருக்கும் டாக்சி விளக்கை அணைத்திருந்தார்.

பின் கதவைத் திறக்கப் போனேன். "முன்னாடி வா ஃபரீதா. பின்னாடி உக்காந்தா எனக்குக் கை தானா மீட்டருக்குப் போவுது" என்றார்.

"எனக்கு நேத்தே தெரியும் மச்சான். மேலேருந்து பாத்தேன்."

அவர் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தார். "கம்பெனிய ஷாங்காய்க்கு மாத்திட்டாங்க" என்றார். "போன நோம்புக்கு முன்னாடி. அம்பது வயசுல எவன் வேலை குடுப்பான்? டாக்சி மட்டும் இந்த நாட்டுப் பிரஜைதான் ஓட்ட முடியும். இந்த பாஸ்போர்ட்டால எனக்குன்னு தனியாக் கெடச்சது அதுதான்."

"ராத்தா ஒரு வார்த்தை சொல்லலியே."

"எப்படிச் சொல்லுவா? ஃபோன்லயா? நீ அங்க கெடந்து அழுவேன்னுதான்." பிறகு குரலைத் தணித்தார், வண்டிக்குள் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும். "அவ ஒன்னைத்தான் மலைபோல நம்பிக்கிட்டு இருக்கா. இர்ஃபான் இந்த வருஷக் கடைசில ஆர்மி முடிச்சிருவான். ஒங்க வீட்டுல தங்கி, பக்கத்துல இருக்கே அந்த யூனிவர்சிட்டி, அதுல படிக்கட்டும்ங்குறா. இந்தச் சம்பாத்தியத்துல தனியா ரூம் போட்டெல்லாம் அனுப்ப முடியாதுல்ல. நீங்க இங்க வந்துட்டா அது நடக்காது. அதான் நீ வந்ததுலேருந்து இந்த ஊரைத் திட்டிக்கிட்டே இருக்கா."

மூட்டுவலிக்கும் பரீட்சைக்கும் அப்போது காரணம் புரிந்தது. பிஸ்கட்டவேயில் நாங்கள் இருப்பது இரண்டு படுக்கையறை வாடகை அபார்ட்மென்ட். அந்த வாடகையும் அடுத்த மாதம் கொடுப்போமா என்பது சந்தேகம். ராத்தா அதில் மகனுக்கு ஓர் அறை போட்டுவைத்திருக்கிறாள். நாங்களோ, வந்திறங்கியதும் கொஞ்ச நாளைக்கு மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

"மச்சான், மாசக் கடைசியோட சலீமுக்கு வேலை இல்ல" என்றேன்.

அந்தக் கட்டண வளைவைக் கடந்தோம். 'பீப்' என்றது.

"யா அல்லாஹ்" என்றார். மழை துடைப்பானை வேகமாக்கினார். "ஒன் ராத்தாகிட்ட நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா ஒங்களுக்கு எப்புடித் தெரியும்னு கேப்பா. அப்புறம் நான் ஒன்ன எதுல கூட்டிட்டு வந்தேன்னு கேப்பா."

சனிக்கிழமை இர்ஃபான் முகாமிலிருந்து வந்தான். தலை மொட்டை, முகமெல்லாம் வெயில் கருப்பு, தோளில் அவனளவுக்கு ஒரு பை. சோறு இரண்டு தட்டு காலி பண்ணினான்.

"ஆர்மி ரொம்பக் கஷ்டமாடா?" என்று கேட்டேன். சித்தியான நான் அவனுக்குச் சாச்சி.

"ஓகே லா சாச்சி. ஃபர்ஸ்ட் மந்த் அழுவாங்க. அப்புறம் பழகிரும்" என்றான். அழுவாங்க என்றான், அழுதேன் என்று சொல்லவில்லை. அதோடு போய்ப் படுத்து, கூப்பிட்டாலும் கேட்காத தூக்கம் தூங்கினான்.

ராத்தா அவன் சீருடையைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட நின்றாள். நான் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகச் சொல்லிவிட்டேன். வேலை, விசா, கிரீன் கார்டு, வாடகை வீடு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவள் சட்டைக் கையின் ஒரே மடிப்பை மறுபடியும் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போன ஞாயித்துக்கிழமகூட நல்லா இருக்கோம்னியே" என்றாள்.

"நீயும்தானே சொன்னே."

"எனக்கு என்ன கேடு?"

"மச்சான் டாக்சிய ரொம்ப சுத்தமா வச்சிருக்காரு ராத்தா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். அவள் தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு, அப்புறம்தான் அழுகை.

"ரெண்டு பேரும் என்னா நல்லா இருந்திருக்கோம் பாத்தியா" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு, ஊருக்குப் போகும்போது கூட்டத்துக்கு நடுவில் பார்த்துக்கொண்டதுதான். இப்படி இருவர் மட்டும் உட்கார்ந்து பேசியதே இல்லை. மச்சான் வேலை போன அன்றைக்குச் சட்டையைக் கழற்றாமலே விடியும்வரை உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். எனக்கு அங்கே பேச ஆளில்லாமல் சில நாள் கடைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றுவதைச் சொன்னேன். இர்ஃபான் எழுந்து வந்து, சட்டை தயாரா என்று கேட்க வாயெடுத்தவன், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பிப் போனான்.

"இங்கேயே வந்துருங்க" என்றாள் ராத்தா. "அவன் இங்கேயே படிக்கட்டும். இங்க உள்ள யூனிவர்சிட்டிலயும் எடம் கெடச்சிருக்கு, நான்தான் வேணாம்னு நிறுத்தி வச்சிருந்தேன். நீ பக்கத்து ப்ளோக்ல இருந்தா எனக்கு அமெரிக்கா எதுக்கு?"

இத்தனை நாளாகக் கட்டிய கோட்டையை அவள் எனக்காக ஒரு நிமிடத்தில் இடித்தாள்.  ஆதில் ராணுவத்துக்குப் போக இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது, அதற்குள் ஷூ கயிறு கட்டப் பழகிவிடுவான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே பிடித்துச் சேமித்து வைக்கட்டும், என் பிள்ளைகளுக்குத் தமிழை அரசாங்கம் நடத்தட்டும், எந்தக் கட்டடத்தில் இருக்கலாம் என்பதையும் அதுவே சொல்லட்டும். நான் வேலைக்குப் போவேன். ராத்தா வீட்டு ஆணம் ஆறுவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே சலீமுக்கு ஃபோன் போட்டேன். "வந்துரலாங்க. எனக்கு இந்த ஊர் புடிச்சிருக்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. காலிங் கார்டு லைனில் குரல் தாமதமாகத்தான் வரும். "சரி. நல்லபடியா வந்து சேரு" என்றார்.

மறுநாள் அதே சிங்கப்பூரை ராத்தா புதிதாகச் சுற்றிக் காட்டினாள். சூடு உடம்புக்கு நல்லது என்றாள். பரீட்சை வைத்தால்தான் பிள்ளைகள் உருப்படும் என்றாள். தேக்கா சந்தையில் மீன் எந்தக் கடையில் வாங்க வேண்டும், எந்தக் கடைக்காரர் நிறுவையில் தாராளம் என்பதெல்லாம் எனக்குப் பாடமானது. பக்கத்து ப்ளோக்கின் கீழே நின்று, ஆறாவது மாடியா எட்டாவது மாடியா என்று இருவரும் சண்டை போட்டோம். மச்சான் என்னையும் ராத்தாவையும் டாக்சியிலேயே விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். இந்த முறை அது யாருடைய வண்டி என்று ஒருவரும் சொல்லவில்லை. இறங்கும்போது ராத்தா ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் திணித்தாள். "காலி பாட்டிலைத் தூக்கிப் போட்றாதே, வரும்போது கொண்டு வா" என்றாள்.

நியூ ஜெர்சியில், நூவர்க் விமான நிலையத்தில் சலீம் பிள்ளைகளோடு நின்றிருந்தார். ஸனா காலைக் கட்டிக்கொண்டாள். ஆதில் "வாட் டிட் யூ கெட் மி?" என்றான். இனிமேல் உனக்குத் தமிழில் பரீட்சை என்று சொல்லி நான் சிரித்தேன், அவனுக்குப் புரியவில்லை. சலீம் சிரிக்கவில்லை.

ஹைவேயில் ஏறியதும் நான் பேசிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடம், வீடு, ஆறாவது மாடி. டோல் கட்டும் இடத்தில் அவர் சில்லறை தேடினார். இங்கே 'பீப்' கிடையாது, கூடையில் காசைப் போட வேண்டும். காசைப் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றாமலே சொன்னார்.

"ஃபரீதா, அவங்க வெள்ளிக்கிழமையே ஃபோன் பண்ணிட்டாங்க. புதுசா ஆள் எடுக்குறத நிறுத்திட்டாங்களாம். ஆஃபரை வாபஸ் வாங்கிட்டாங்க."

"நான் சனிக்கிழமை பேசுனேனே."

"ரொம்ப நாளைக்கப்புறம் நீ சந்தோஷமாப் பேசுனே. அதை ஃபோன்ல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. பிறகு, அவர் செய்தது எங்கள் உம்மா வீட்டுச் சட்டம்தான் என்று தோன்றியதும் கை தளர்ந்துவிட்டது. அவரிடம் கத்தி என்ன பயன்? அந்த இரண்டு நாளும் அவர் தனியாக இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார்.  வீடு வருவதற்குள் பின்னால் இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள்.

பெட்டியைத் திறக்கவில்லை. ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் எடுத்து அடுப்பங்கரையில் வைத்தேன். அங்கே இப்போது காலை. ராத்தா இந்நேரம் இர்ஃபானின் இடத்தை உறுதி செய்திருப்பாள், பக்கத்து ப்ளோக்கில் வீடு ஏதும் காலியா என்று விசாரித்தும் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளிப் போடலாமா என்று நினைத்தேன். அதற்குள் சலீமுக்கு வேறு ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும், ஒரு நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம். இப்படித்தான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கார்டு எண்ணை அழுத்தினேன்.

"வந்து சேந்துட்டியா? எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றாள் ராத்தா. பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம்.

வாய் வரைக்கும் அந்தப் பழைய வார்த்தைதான் வந்தது.

"நல்லா இல்ல ராத்தா" என்றேன்.

தாளிக்கும் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்திருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"ம், உக்காந்துட்டேன். இப்ப சொல்லு" என்றாள்.